கணவர் போன பிறகும் கேன்சர் வார்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன், வேலையை விட்டுவிடலாமா?

திருச்சி மாவட்டத்திலிருந்து ஓர் ஆசிரியை நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு வயது 44. அரசு உதவி பெறும் பள்ளியில் நிரந்தர வேலை. கணவர் எலக்ட்ரிகல் கடை நடத்தியவர். சாப்பிட்டால் வயிறு உப்புகிறது, முதுகு பிடித்துக்கொள்கிறது என்று அவர் சொன்னபோது வீட்டில் எல்லோரும் கேஸ் டிரபிள் என்றே நினைத்து, மெடிக்கலில் மாத்திரை, இஞ்சிக் கஷாயம் என்று இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறார்கள். கண் மஞ்சளான பிறகு ஸ்கேன் எடுத்தால் கணையப் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது. ஒன்பது மாதம் கீமோ, ஸ்டென்ட், அட்மிஷன், டிஸ்சார்ஜ் என்று அலைந்தார்கள். கணவர் காலமாகி இப்போது ஒன்றரை வருடம். வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகனும் மாமியாரும் இருக்கிறார்கள்.

கருமாதி எல்லாம் முடிந்து சில மாதம் கழித்து, வீட்டில் கிடந்த வாட்டர் பெட்டையும் வீல்சேரையும் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அதே மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். காப்பீட்டு கவுண்டர் முன்னால் விழித்துக்கொண்டு நின்ற ஒரு குடும்பத்துக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் கஞ்சியும் பன்னும் எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போகிறார், இப்போது ஞாயிறும் சேர்ந்துவிட்டது. அவர் நடத்தும் வாட்ஸ்அப் குழுவில் இருநூறு பேருக்கு மேல். ராத்திரி ஒரு மணிக்கும் போன் வருகிறது. "அந்த வார்டுக்குள் நுழைந்தால்தான் எனக்கு மூச்சே வருகிறது. இதைச் செய்யத்தான் கடவுள் எங்கள் வீட்டுக்கு அந்த நோயைக் கொடுத்தாரோ என்று தோன்றுகிறது" என்கிறார்.

இரண்டு மாதம் முன்பு ஒரு சம்பவம். இரைப்பைப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருந்த ஒருவரின் மனைவியிடம், "என் வீட்டுக்காரருக்குக் கடைசி நாலு கீமோவும் வெறும் வேதனைதான், நிறுத்தியிருந்தால் நிம்மதியாக வீட்டில் இருந்திருப்பார்" என்று சொல்லியிருக்கிறார். அந்தக் குடும்பம் அடுத்த இரண்டு கீமோவுக்கு வரவில்லை. நோயாளியின் தம்பி போன் போட்டு, "உங்களால்தான்" என்று கத்தியிருக்கிறார். அதே வாரம் வார்டு சிஸ்டர், "யாரைக் கேட்டு உள்ளே வருகிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். வீட்டிலோ மகன், "உனக்கு அங்க இருக்கறவங்கதானே குடும்பம்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவன், அதற்குப் பிறகு சரியாகப் பேசுவதில்லை.

வேலையை விட்டுவிட்டுக் கணவர் பெயரில் டிரஸ்ட் தொடங்க நினைக்கிறார். ராஜினாமா கடிதம் எழுதி ஹேண்ட்பேகில் வைத்திருக்கிறாராம். கணவரின் எல்ஐசி பணம் இருக்கிறது, சிங்கப்பூரில் இருக்கும் கணவரின் நண்பர்கள் இரண்டு பேர் பணம் அனுப்பத் தயார். அவர் கேட்பது: வேலையை விடலாமா? அந்தக் குடும்பத்துக்கு நேர்ந்ததற்கு நான்தான் பொறுப்பா? மகனை எப்படிப் புரியவைப்பது? என் துக்கத்தை மறக்கத்தான் இதையெல்லாம் செய்கிறேன் என்றால் இது சுயநலம்தானே?

அன்புள்ள சகோதரி,

ராஜினாமா கடிதம் ஹேண்ட்பேகிலேயே இருக்கட்டும். அதைப் பற்றிப் பிறகு பேசலாம், அதில் அவசரம் ஒன்றும் இல்லை. அவசரம் வேறு இடத்தில் இருக்கிறது.

இன்றே ஒரு போன் செய்ய வேண்டும்

அந்தக் குடும்பம் மறுபடி சிகிச்சைக்குப் போனதா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அதனால் இன்றைக்கே கூப்பிடுங்கள். நீங்கள் பேசினால் எடுக்க மாட்டார்கள் என்றால் குழுவில் அவர்களுக்குத் தெரிந்த வேறு ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். சொல்ல வேண்டியது கொஞ்சம்தான்: நான் டாக்டர் இல்லை, என் கணவருக்கு இருந்தது வேறு நோய், நான் சொன்னதை வைத்து எதையும் நிறுத்தாதீர்கள், நாளைக்கே ஆன்காலஜி ஓபியில் பைலோடு போய்க் காட்டுங்கள். இதற்கு மேல் விளக்கம் வேண்டாம், அழுகையும் வேண்டாம். உங்களை மன்னிக்கும் வேலையையும் சேர்த்து அவர்கள் தலையில் வைக்காதீர்கள், ஏற்கெனவே அவர்களுக்குத் தூக்க முடியாத சுமை. இரண்டு கீமோ தவறியதால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நீங்களாக முடிவு கட்டவும் வேண்டாம். தவறியதை எப்படிச் சரிக்கட்டுவது, மருந்தை மாற்றுவதா, தொடர்வதா என்பதையெல்லாம் டாக்டர்தான் பார்த்துச் சொல்ல முடியும். அவர்கள் டாக்டர் முன்னால் போய் உட்காருவதுதான் முக்கியம்.

நீங்கள்தான் பொறுப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். முழுப் பொறுப்பு உங்களுடையது இல்லை. வாந்தி, பணம், அலைச்சல் எல்லாம் சேர்ந்து ஏற்கெனவே நிறுத்திவிடலாமா என்று தவித்துக்கொண்டிருந்த குடும்பமாகத்தான் அது இருக்கும். ஆனால் உங்கள் வாக்கியத்துக்குக் கனம் இருந்தது. கீமோ பற்றி டாக்டர் பத்து நிமிடம் சொல்வதை விட, "என் வீட்டுக்காரருக்கும் இப்படித்தான்" என்று பக்கத்துக் கட்டில் அம்மா சொல்வது ஆழமாக இறங்கும். என் அனுபவத்தில் வார்டில் மிகச் சக்தி வாய்ந்த வாக்கியமே அதுதான், அதனாலேயே ஆபத்தான வாக்கியமும் அதுதான்.

உங்கள் கணவருக்கு நோய் பரவிய நிலையில் கொடுத்த கீமோவின் நோக்கம், நாட்களைக் கொஞ்சம் நீட்டிப்பதும் தொந்தரவைக் குறைப்பதும். இரைப்பைப் புற்றுநோயில் பரவாத நிலையில் அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் கீமோ கொடுக்கிறார்கள் என்றால், அங்கே குறி நோயை முழுசாக ஒழிப்பது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுமே ஒரே மாதிரித் தொங்கும் பாட்டில்தான், இரண்டு பேருக்குமே முடி கொட்டும், வாய் கசக்கும். புற்றுநோய் என்பது ஒரே நோய் இல்லை, நூற்றுக்கு மேற்பட்ட நோய்களுக்கான பொதுப்பெயர். ஒருவர் பட்ட பாட்டை வைத்து இன்னொருவருக்கு வழி சொல்ல முடியாது.

உங்கள் கடிதத்தில் இன்னொரு வரி: "கடைசியில் கைவிட்டுத்தான் பாலியேட்டிவ் கேர் பக்கம் அனுப்பினார்கள்." இப்படித்தான் நம் ஊரில் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். வலியையும் மூச்சுத் திணறலையும் வாந்தியையும் மனக் கலக்கத்தையும் கவனிக்கும் அந்தச் சிகிச்சையை முதல் நாளிலிருந்தே கீமோவோடு சேர்த்துக் கொடுக்கலாம். 2010இல் அமெரிக்காவில் பரவிய நிலை நுரையீரல் புற்றுநோய் நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், ஆரம்பத்திலேயே இதைச் சேர்த்துப் பெற்றவர்கள் நிம்மதியாக இருந்ததோடு, சராசரியாகக் கூடுதல் நாட்களும் வாழ்ந்தார்கள். அந்த மனைவியிடம் அன்று நீங்கள் சொல்லியிருக்கக்கூடியது இதுதான்: "கீமோ தாங்க முடியவில்லை என்று டாக்டரிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள், கூடவே பாலியேட்டிவ் டாக்டரையும் பார்க்கலாமா என்று கேளுங்கள்." நிறுத்துவதற்கும் பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்வதற்கும் நடுவே இப்படி ஒரு வழி இருப்பது நிறைய குடும்பங்களுக்குத் தெரிவதே இல்லை.

அந்த இரண்டு மாதம்

நான்கு பக்கக் கடிதத்தில் மூன்று இடத்தில் "இரண்டு மாதம் முன்பே கூட்டிக்கொண்டு போயிருந்தால்" என்று வருகிறது. நீங்கள் சனிக்கிழமை வார்டுக்குப் போவதற்கு ஒரு காரணம் அன்பு, இன்னொரு காரணம் இந்த இரண்டு மாதம் என்று எனக்குப் படுகிறது. தப்பாக இருந்தால் சொல்லுங்கள்.

கணையம் வயிற்றுக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி ஆழத்தில் இருக்கிறது. அங்கே கட்டி வளர்ந்தால் ஆரம்பத்தில் தனியாகத் தெரிகிற அறிகுறி எதுவும் இருக்காது. உப்புசம், பசியின்மை, முதுகு வலி, எடை குறைவது எல்லாமே பத்து வேறு காரணங்களால் வரக்கூடியவை. பொதுமக்களுக்கு வழக்கமாகச் செய்யும் முன்கூட்டிய பரிசோதனையும் இதற்குக் கிடையாது. அதனால்தான் பெரும்பாலானோருக்கு, உலகில் எந்த ஊராக இருந்தாலும், கண்டுபிடிக்கும்போதே அறுவைச் சிகிச்சை செய்யக்கூடிய கட்டத்தைத் தாண்டிப் போயிருக்கிறது. கல்லீரலுக்குப் போன நோய் அந்த இரண்டு மாதத்தில் முளைத்ததாக இருக்க வாய்ப்பு குறைவு, உள்ளே வருடக்கணக்கில் வளர்ந்திருக்கும். இஞ்சிக் கஷாயம் வைத்துக் கொடுத்த கைக்கு இதில் குற்றம் இல்லை. என் வாயிலிருந்து கேட்டால் மனது ஆறாது என்றால், கணவரின் பைலை எடுத்துக்கொண்டு அவருக்குச் சிகிச்சை பார்த்த ஆன்காலஜிஸ்டிடம் ஒரு அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். "முன்பே வந்திருந்தால் மாறியிருக்குமா?" என்று நேராகக் கேளுங்கள். இறந்தவருக்காக அப்பாயின்ட்மென்ட்டா என்று கூச்சப்பட வேண்டாம், வந்து கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இதை ஏன் இவ்வளவு நேரம் பேசுகிறேன் என்றால், குற்ற உணர்வோடு உதவி செய்யப் போகிறவருக்கு எவ்வளவு செய்தாலும் போதாது. சனி போதாமல் ஞாயிறு வரும், ஞாயிறு போதாமல் ராஜினாமா வரும். வார்டில் உங்களுக்குப் பழக்கமான ஒரு பெரியவர் இறந்தபோது இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மறுபடி மறுபடி அதே கட்டிலைக் காப்பாற்றப் போராடுகிறீர்களோ என்று அதைப் படித்தபோது நினைத்தேன்.

இது சுயநலமா?

ஆமாம், கொஞ்சம். அதனால் என்ன? 1965இலேயே பிராங்க் ரீஸ்மேன் என்ற அமெரிக்க சமூக அறிவியலாளர் இதை எழுதிவிட்டார்: சுயஉதவிக் குழுக்களில் உதவி பெறுகிறவரை விட உதவி செய்கிறவருக்குச் சில சமயம் அதிக நன்மை கிடைக்கிறது. தன்னால் ஒருவருக்குப் பயன் உண்டு என்ற நினைப்பே மருந்தாக வேலை செய்கிறது. டெல்லியில் புற்றுநோய் நோயாளிகளுக்கு வீட்டுக்கே போய்ப் பராமரிப்புத் தரும் கேன்சப்போர்ட் அமைப்பைத் தொடங்கிய ஹர்மலா குப்தா, தானே லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயிலிருந்து மீண்டவர். சொந்தத் துக்கத்திலிருந்து கிளம்பும் சேவை மட்டமானது என்று யாரும் சொல்ல முடியாது. உங்களுக்கு அதில் நிம்மதி கிடைக்கிறது என்று வெட்கப்படாதீர்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வார்டு உங்களுக்கு ஆறுதல் தருவதற்காக இருக்கும் இடம் இல்லை. அங்கே படுத்திருப்பவர் உங்கள் கணவரின் கதையைக் கேட்கக் கடமைப்பட்டவரும் இல்லை. "கடவுள் இதற்காகத்தான் கொடுத்தார்" என்ற எண்ணம் உங்களைத் தாங்கிப் பிடிக்கிறது என்றால் வைத்துக்கொள்ளுங்கள், அதைப் பிடுங்க எனக்கு உரிமை இல்லை. வார்டில் மட்டும் சொல்லாதீர்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய் என்று நேற்றுத் தெரிந்துகொண்ட தாய்க்கு அந்த வாக்கியம் அறைந்தது போல இருக்கும். அதே மாதிரிதான் "தைரியமாக இருந்தால் ஜெயித்துவிடலாம்" என்பதும். உங்கள் குழுவின் முகப்பிலேயே அதைப் போட்டிருக்கிறீர்கள். அப்படியென்றால் உங்கள் கணவர் தைரியமில்லாதவரா? நோய் முற்றுகிறபோது, நமக்குத்தான் தைரியம் போதவில்லை என்று நோயாளி தன்னையே நொந்துகொள்ள வேண்டியதாகிவிடும். அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் உங்கள் துக்கம் எங்கே போயிற்று என்றும் பார்க்க வேண்டும். தூக்கம், சாப்பாடு, வகுப்பில் கவனம் இவையெல்லாம் எப்படி இருக்கின்றன என்று நீங்கள் எழுதவில்லை. வார்டுக்குப் போகாத நாளில் மூச்சு வரவில்லை என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு வருடம் கழிந்த பிறகும் துக்கம் அன்றாடத்தை முடக்கிப் போட்டால் அதற்குச் சிகிச்சை உண்டு. அரசின் மனநல உதவி சேவையான டெலி மனஸ் 14416 எண்ணில் தமிழில் பேசலாம், இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம். அடுத்தவருக்கு இந்த எண்ணைக் கொடுப்பதற்கு முன் நீங்கள் ஒருமுறை பேசிப் பாருங்கள்.

வார்டில் எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது

சிஸ்டர் கேட்டது உங்களை அவமானப்படுத்த இல்லை. 1952இல் நியூயார்க்கில் டெரீஸ் லாஸர் என்ற பெண்மணி மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். வீட்டுக்குப் போன பிறகு எப்படிக் கையை அசைப்பது, எந்த உடை போடுவது என்று சொல்ல ஆளில்லாமல் தவித்தவர், தன்னைப் போன்ற பெண்களைப் போய்ப் பார்க்க ஆரம்பித்தார். அனுமதி கேட்காமல் நோயாளிகளின் அறைக்குள் போய் நின்றதால் டாக்டர்களுக்கும் அவருக்கும் நிறைய உரசல். பிறகு அந்த முயற்சியை அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 1969இல் ஏற்று நடத்தியபோது, டாக்டரின் சம்மதத்தோடுதான் சந்திக்க வேண்டும், பயிற்சி பெற்ற பிறகுதான் போக வேண்டும், மருத்துவ ஆலோசனை சொல்லக்கூடாது என்று நெறி வகுத்துக்கொண்டார்கள். அனுபவித்தவருக்குத்தான் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி உண்மை. அனுபவம் உங்களை வாசல் வரை கூட்டிக்கொண்டு போகும். உள்ளே போன பிறகு வேண்டியது பயிற்சியும் மூடிய வாயும்.

எனவே அடுத்த சனிக்கிழமை வார்டுக்கு நேராகப் போகாமல், மருத்துவமனையின் சமூகப் பணியாளரையோ பாலியேட்டிவ் பிரிவையோ பார்த்து, தன்னார்வலராகப் பதிவு செய்துகொள்ள முடியுமா, என்ன பயிற்சி தருவீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். நம் பக்கத்துக் கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரணப் பணி இத்தனை ஊர்களுக்குப் பரவியதற்கு, டாக்டர்களோடு சேர்ந்து உள்ளூர் ஆட்களுக்கு முறையாகப் பயிற்சி கொடுத்ததுதான் பெரிய காரணம். டீக்கடைக்காரர், ஆட்டோ ஓட்டுபவர், இல்லத்தரசி என்று சாதாரண மனிதர்கள்தான் அங்கே தன்னார்வலர்கள்.

உங்கள் கஞ்சியைப் பற்றி. கீமோ எடுப்பவருக்கு வெள்ளை அணு குறைந்திருக்கும் நாட்களில் வெளிச்சாப்பாடு தொற்றைக் கொண்டுவரலாம். சிஸ்டரைக் கேட்காமல் நோயாளிக்கு எதுவும் கொடுக்காதீர்கள். கூட இருக்கும் அட்டெண்டருக்குக் கொடுங்கள், அவரைத்தான் யாரும் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. உங்களுக்கே அது தெரியும்.

நீங்கள் உண்மையிலேயே கெட்டிக்காரியாக இருப்பது காகிதத்தில். ஆசிரியை அல்லவா. அதை விடாதீர்கள், ஆனால் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: உங்கள் கணவருக்குக் கிடைத்தது அரசு ஊழியர், ஆசிரியர்களுக்கான காப்பீடு. வார்டில் இருப்பவர்களில் பலருக்கு வேண்டியது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். இரண்டுக்கும் விதி வேறு. அதில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் வேண்டும், பதிவு செய்வது கலெக்டர் அலுவலகத்தில். வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு ரயில் சலுகை இருப்பது நிறைய பேருக்குத் தெரியாது. சிகிச்சைக்கோ செக்கப்புக்கோ போகும் புற்றுநோய் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் முழுக் கட்டணச் சலுகை, கூடப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம். ரயில்வே படிவத்தில் டாக்டர் கையெழுத்தும் மருத்துவமனை முத்திரையும் வாங்கிக்கொண்டு ஸ்டேஷன் கவுண்டரில் கொடுக்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகி ஊருக்குப் போனவரைப் பார்க்க, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரண நர்ஸ் வீட்டுக்கே வருவார், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிவைக்கலாம். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தால் நூறு ஆறுதல் வார்த்தைக்குச் சமம் என்பேன்.

வாட்ஸ்அப் குழு நல்ல விஷயம்தான், கட்டுப்பாடு இருந்தால். இருநூறு பேர் என்பது ரத்தம், பிளேட்லெட் கொடுக்க ஆள் தேடும்போது தங்கம் மாதிரி. பிளேட்லெட்டை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது, அதனால் கொடுப்பவர் எப்போதும் தேவை. ஆனால் அதே குழுவில் யாரோ பயாப்ஸி ரிப்போர்ட்டைப் பெயரோடு போட்டோ எடுத்துப் போடுகிறார், இன்னொருவர் முள்சீத்தா இலைக் கஷாயம் என்று ஃபார்வர்டு செய்கிறார், நீங்கள் அட்மினாக இருந்துகொண்டு கும்பிடு எமோஜி போடுகிறீர்கள். முள்சீத்தா மனிதர்களுக்குப் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பதற்கு நிரூபணம் இல்லை. கீமோ நடக்கும்போது டாக்டருக்குத் தெரியாமல் குடிக்கும் எந்தக் கஷாயமும் ஈரலுக்கும் மருந்துக்கும் குறுக்கே போகலாம். புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட. ரிப்போர்ட் படம் கூடாது, மருந்துப் பெயர் கூடாது, கஷாயம் கூடாது, ஒன்பது மணிக்கு மேல் பேச்சு கூடாது என்று எழுதிப் போட்டுவிட்டு, இன்னும் இரண்டு பேரை அட்மினாக்குங்கள். ராத்திரி ஒரு மணிக்கு மூச்சுத் திணறுபவருக்கு வேண்டியது 108, நீங்கள் இல்லை. அந்த நேரத்தில் நீங்கள் போனை எடுத்தால் அவர்கள் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவது தாமதமாகும். போனை சைலண்டில் போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

அடுத்து மகன். அவனுக்கு எப்படிப் புரியவைப்பது என்று கேட்கிறீர்கள். எனக்கென்னவோ அவன் புரிந்துகொண்டுதான் பேசியிருக்கிறான் என்று தோன்றுகிறது. அப்பா நோயில் கிடந்த ஒன்பது மாதமும் அம்மா ஆஸ்பத்திரியில், அப்பா போன பிறகும் அம்மா அதே ஆஸ்பத்திரியில். குடும்பத்துக்கே வந்த நோய் இது, அவனும் அதில் ஒரு ஆள், ஆனால் அவனைப் பார்க்க எந்தத் தன்னார்வலரும் வரவில்லை. "நான் எவ்வளவு பெரிய சேவை செய்கிறேன் தெரியுமா" என்று அவனிடம் வாதாட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையை அவனுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நோய் பற்றி, அப்பாவின் கடைசி நாட்கள் பற்றி அவனுக்குக் கேட்க ஏதாவது இருக்கும், கேட்டால் பதில் சொல்லுங்கள், கேட்கவில்லை என்றால் துருவாதீர்கள். வார்டுக்கு வா, வந்து பார்த்தால் தெரியும் என்று மட்டும் இழுக்காதீர்கள். மாமியாரும் பிள்ளையைப் பறிகொடுத்தவர். கடிதம் முழுக்க அவரைப் பற்றி ஒரே ஒரு வரி, அதுவும் "அவர் புலம்பல் தாங்கவில்லை" என்று. வார்டில் முன்பின் தெரியாத பாட்டி இதே மாதிரி புலம்பினால் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள், இல்லையா?

ராஜினாமா, டிரஸ்ட், சிங்கப்பூர் பணம்

வேலையை விடாதீர்கள். மகனுக்குக் கல்லூரிச் செலவு வரப்போகிறது, வீட்டில் சம்பாதிப்பது நீங்கள் ஒருவர்தான். நிரந்தரப் பணியில் ராஜினாமா வேறு, விருப்ப ஓய்வு வேறு. ராஜினாமா செய்தால் இத்தனை வருடப் பணிக்காலத்தின் பலன்களில் எதையெதை இழப்பீர்கள் என்று உங்கள் ஆசிரியர் சங்கத்திலோ பள்ளி அலுவலகத்திலோ கேட்டு எழுதி வாங்குங்கள், அதைப் படித்தாலே பாதித் தெளிவு வந்துவிடும். உங்களுக்கும் மகனுக்கும் இருக்கும் மருத்துவக் காப்பீடும் அந்த வேலையோடு கட்டியிருக்கிறது. அதன் அருமையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எல்ஐசி பணத்தைத் தொடவே வேண்டாம், உங்கள் கணவர் அதைக் கட்டியது உங்கள் இரண்டு பேருக்காக.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயில் இறந்தது 1920களில். அக்கா டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்த வேதனையிலிருந்துதான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது என்று எல்லோரும் சொல்வோம், அது 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. நடுவில் ஏறக்குறைய முப்பது வருடம். அந்த முப்பது வருடத்தில் அவர் சட்டமன்றத்துக்குப் போனார், தேவதாசி முறைக்கு எதிராகப் போராடினார், அவ்வை இல்லம் தொடங்கினார், பிள்ளைகளை வளர்த்தார், தங்கையையும் மறக்கவில்லை. உங்களை முப்பது வருடம் பொறுக்கச் சொல்லவில்லை. ஒன்றரை வருடத்தில் முடிவெடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்கிறேன்.

டிரஸ்ட் என்பது பெயர்ப்பலகையோடு முடிகிற காரியம் இல்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிய வேண்டும், பான் கார்டு, தனி வங்கிக் கணக்கு, வருடாந்திர வரவு செலவு, நன்கொடையாளருக்கு வரி விலக்கு கிடைக்க வருமான வரித் துறையின் அனுமதி, அதற்கொரு ஆடிட்டர். இவ்வளவையும் ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் அமைப்புகளோடு இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, உங்கள் ஊருக்குத் தனியாக ஒன்று தேவையா என்று பிறகு பாருங்கள். அதுவரை யாருக்காகவும் உங்கள் ஜிபே எண்ணில் பணம் வசூலிக்காதீர்கள். நல்ல மனதோடு செய்தாலும் கணக்குக் கேட்டு ஒருவர் வருவார். கொடுக்க விரும்புகிறவர் நோயாளியின் பெயரில் மருத்துவமனை பில்லிங்கில் நேராகக் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளட்டும்.

சிங்கப்பூர் நண்பர்கள் இந்தியக் குடிமக்களா, அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்களா என்று கேளுங்கள். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக டிரஸ்டுக்கு அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைதான், 2010ஆம் ஆண்டு எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி மத்திய அரசின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் டிரஸ்ட் அதை வாங்கக்கூடாது. நம் ஊர் ஆள்தானே, நம் சாதிசனம்தானே என்பதையெல்லாம் சட்டம் பார்க்காது.

கணவர் பெயர் எதிலாவது நிலைக்க வேண்டும் என்ற ஆசையைப் பற்றிக் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். வாட்டர் பெட்டும் வீல்சேரும் கொடுத்ததிலிருந்துதானே ஆரம்பித்தது? அது போல இன்னும் நாலைந்து சேர்த்து, வாங்கிப் போகிறவர் வேலை முடிந்ததும் திருப்பிக் கொண்டுவரும்படி, கணவரின் பழைய கடைக்குப் பக்கத்திலோ தெரிந்த மெடிக்கலிலோ ஒரு நோட்டுப் போட்டு நடத்தலாம். நோட்டின் மேல் அவர் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். இதற்கு டிரஸ்டும் வேண்டாம், ராஜினாமாவும் வேண்டாம்.

மகனின் பொதுத் தேர்வு முடியும் வரை சனிக்கிழமை காலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்கு எழுத வேண்டிய தன்னார்வலர் விண்ணப்பத்தின் மாதிரியைத் தனியாக உங்கள் மெயிலுக்கு அனுப்பியிருக்கிறேன், பெயரையும் தேதியையும் மட்டும் நிரப்பினால் போதும். அந்தக் குடும்பம் ஓபிக்குப் போனதா என்று மறக்காமல் எழுதுங்கள்.